மூச்சுக்கு ஒரு கிளிப்

தூக்கத்தில் மூச்சு நிற்கும் ஓட்டுநர்களுக்குப் பல்லில் மாட்டும் தாடைக் கருவி வேண்டி, நாமக்கல் லாரி ஓட்டுநர்களும் குடும்பத்தாரும் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, போக்குவரத்துத் துறை, அரசு பல் மருத்துவக் கல்லூரிகள், காப்பீட்டு நிறுவனங்கள், லாரி உரிமையாளர்கள், தனியார் பல் மருத்துவர்கள்.

இந்தச் சாசனத்தை எழுத உட்கார்ந்த அன்று முதலில் வாய் திறந்தது ஓட்டுநர் யாரும் இல்லை. ஒரு கிளீனர் பையன். “அண்ணன் கேபின்ல படுத்தா இன்ஜின் ஐடிலிங்ல ஓடுற மாதிரி சத்தம் வரும். அது ஓடுற வரைக்கும் நானும் தூங்கிருவேன். சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்” என்றான். நின்ற பிறகு என்ன செய்வாய் என்று கேட்டோம். “காலைப் புடிச்சு ஆட்டுவேன். ஒரு உலுக்கு உலுக்கி மூச்சை இழுப்பாரு. மறுபடி ஓடும்.” அந்த அண்ணன் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்.

பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, டிரெய்லர், டேங்கர் என்று எங்கள் ஊரே சக்கரத்தின் மேல் நிற்கிறது. ராத்திரி விழித்திருப்பது எங்கள் தொழில். அதனால் பகலில் கண் சொருகினால் ‘ராத்திரி ஓட்டின அசதி’ என்று நாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். வீட்டில் எட்டு மணி நேரம் படுத்து எழுந்த மறுநாளும் அதே அசதி, அதே தலைவலி, அதே வறண்ட வாய் என்றால் அது அசதி இல்லை, நோய் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா, தூக்க மூச்சடைப்பு. மல்லாந்து படுத்துத் தூங்கியதும் தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, காற்றில்லாத சைக்கிள் டியூப் போல மூச்சு வழி ஒட்டிக்கொள்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஒரு தடவை. மூச்சு வெகுவாகக் குறைந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குவதையும் சேர்த்தே எண்ணுவார்கள். மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஒவ்வொரு முறையும் மூளை அரை விழிப்பு விழித்து மூச்சை மீட்கிறது. காலையில் நமக்கு அது நினைவிருக்காது. ரத்தக் கொதிப்புக்கும் பகல் தூக்கத்துக்கும் வித்து அங்கேதான் விழுகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நாட்டில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் போட்ட கணக்குப்படி, உழைக்கும் வயதிலுள்ள இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம், அதில் 4.7 கோடிப் பேருக்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ.

குண்டானவர்களுக்கு மட்டும் வருவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியில்லை. கீழ்த்தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லியான ஆளுக்கும் வரும்.

இதற்குப் பெரிய வைத்தியம் சீபேப் மெஷின். காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து உலகுக்குச் சொன்னது. மூக்கில் முகமூடி மாட்டி, காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, ஒட்டிக்கொள்ளும் குழாயைத் திறந்து வைக்கும். கடுமையான நோய்க்கு இன்றும் அதுதான் முதல் வைத்தியம். அதைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. ஆனால் அது கரண்டில் ஓடும். நாங்கள் படுப்பது கேபினில், டோல்கேட் ஓரத்தில், சுமை இறக்கக் காத்திருக்கும் குடோன் வாசலில்.

இந்த வாசகங்களை எழுதும் நான் 26 வருஷம் ஸ்டியரிங் பிடித்து, இப்போது புக்கிங் ஆபீசில் பில் போடுகிறவன். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலை முழுக்க ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்துச் சோதித்தார்கள். மணிக்கு 22 தடவை. ஏழு மணி நேரத் தூக்கத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 154. மெஷின் வாங்கினேன். வீட்டில் இருந்த நாளில் மாட்டினேன். லைனில் போனபோது அது பரணில் இருந்தது. மாதத்தில் 20 நாள் லைனில் இருக்கிறவனுக்கு 10 நாள் வைத்தியம். நாலு மாதத்தில் விட்டுவிட்டேன்.

பல்லில் மாட்டும் கருவியைப் பற்றி அப்போதும் மருத்துவமனையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டருக்கு அது பல் சமாச்சாரம், பல் டாக்டருக்கு அது மூச்சுச் சமாச்சாரம், இன்சூரன்ஸ்காரருக்கு அது அழகுச் சமாச்சாரம். இந்த மூன்று நாற்காலிக்கும் நடுவில் விழுந்து கிடக்கிற ஒரு சின்னக் கருவியை எடுத்து மேஜை மேல் வைக்கத்தான் இந்தச் சாசனம்.

கருவி எப்படியிருக்கும் என்று துறை அதிகாரிகளுக்கே தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறோம். மேல் பல்வரிசைக்கு ஒரு தட்டு, கீழ் வரிசைக்கு ஒரு தட்டு, இரண்டையும் இணைக்கும் பிடி. எங்கள் பேச்சில் கிளிப். படுக்கப் போகும்முன் மேல் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். கீழ்த் தட்டை மாட்டக் கீழ்த்தாடையை முன்னுக்கு நீட்ட வேண்டும், கோபத்தில் உதடு பிதுக்கும் பிள்ளை மாதிரி. தாடை அப்படியே ராத்திரி முழுக்க முன்னால் நிற்கும். தாடையோடு நாக்கின் அடியும் முன்னே வரும். தொண்டைச் சுவர் விறைத்து வழி திறக்கும். கரண்ட் வேண்டாம், ஒயர் வேண்டாம், சட்டைப் பையில் போகும் டப்பா போதும். என் கிளிப்பில் இரண்டு பக்கமும் குட்டித் திருகு இருக்கிறது. குண்டூசி கனத்தில் ஒரு சாவியை விட்டு ஒரு தரம் திருப்பினால் தாடை கால் மில்லிமீட்டர் முன்னே போகும். தாடை எவ்வளவு நீள முடியுமோ அதில் பாதி அல்லது சற்றே கூடுதலாக ஆரம்பித்து, வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, குறட்டை அடங்கும் இடத்தில் நிறுத்துவார்கள். முதல் வாரம் தலையணை எச்சிலில் நனையும், காலையில் தாடை வலிக்கும். பிறகு பழகிவிடும்.

மெஷினுக்கு இது இணையா என்று கேட்பீர்கள். மூச்சுத் தடையைக் குறைப்பதில் மெஷினே மேல். ஆனால் 2013-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை மருத்துவர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். ஒரே நோயாளிகளுக்கு ஒரு மாதம் மெஷின், ஒரு மாதம் கிளிப் கொடுத்துப் பார்த்தார்கள். மெஷினில் தடை அதிகம் குறைந்தது. ஆனால் ராத்திரியில் கிளிப்பைத்தான் அதிக நேரம் மாட்டியிருந்தார்கள், 5.2 மணிக்கு எதிராக 6.5 மணி. முடிவில் பகல் தூக்கம் குறைந்ததிலும், வண்டி ஓட்டும் பாவனைக் கருவியில் வைத்த பரிட்சையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். ஸ்டியரிங்கில் வைத்த பரிட்சை என்பதால் எங்களுக்கு அது புரிந்தது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலாவது, இது பல் வைத்தியம் அல்ல, மூச்சு வைத்தியம் என்று அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும். எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தில் பல் உடைந்தால் ஒழியப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. பல்லில் மாட்டுவதாலேயே கிளிப்பும் அந்தக் கட்டத்தில் தள்ளப்படுகிறது. கண்ணாடியைக் காதில் மாட்டுகிறோம் என்பதற்காக அது காது வைத்தியம் ஆகிவிடுமா? அமெரிக்காவின் மெடிகேர் இதைப் பல் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் பயன்படுத்தும் மருத்துவக் கருவி என்ற கணக்கில் வைக்கிறது. ஜெர்மனியில் மெஷின் ஒத்துவராதவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்து, பல் மருத்துவர் செய்து தரும் இந்தக் கருவிக்கு 2022 முதல் சட்டக் காப்பீடு பணம் தருகிறது. நம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காக்கிறது. அதில் தூக்கப் பரிசோதனை, கிளிப், திருகு நகர்த்தும் வருகைகள், கிளிப் மாட்டியபடி மறு பரிசோதனை ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாகச் சேர்க்க வேண்டும். தனித்தனியாகச் சேர்த்தால் கிளிப் கிடைக்கும், பரிசோதனை கிடைக்காது. அப்படிக் கிடைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

மெஷினை விட்டபின் நான் இரண்டு தப்புச் செய்தேன். முதலில் ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் ரெடிமேட் ஒன்றை வாங்கினேன். மூன்றாம் நாள் ஈறு புண்ணாகி வண்டி ஜன்னல் வழியே எறிந்தேன். அடுத்து ஒரு தனியார் பல் கிளினிக். என் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்கவே இல்லை. மாவு வைத்து அளவெடுத்தார்கள், பத்து நாளில் கொடுத்தார்கள், பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வரச் சொல்லவும் இல்லை. ஒரு வருஷம் மாட்டினேன். குறட்டை குறைந்தது என்று வீட்டில் சந்தோஷம். ஒரு தீபாவளிக்கு முறுக்கை வாயில் போட்டுக் கடைவாயில் கடித்தேன். நொறுங்கவில்லை. மேல் கடைவாய்ப் பல்லும் கீழ்க் கடைவாய்ப் பல்லும் சேரவே இல்லை. நடுவில் ஒரு தாள் போகும் இடைவெளி. முன்பற்கள் மட்டும் முட்டிக்கொண்டு நின்றன. தாடையை வருஷக் கணக்கில் முன்னால் நிறுத்தினால் பல் மெல்ல இடம் மாறும் என்பதும், காலையில் கழற்றியதும் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சின்ன அச்சு ஒன்றைச் சில நிமிடம் கடிக்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரியது இன்னொன்று: குறட்டை குறைந்ததே தவிர, மூச்சு நிற்பது நின்றதா என்று சோதித்துப் பார்க்கவே இல்லை. சத்தமில்லாமலும் மூச்சு நிற்கும்.

ஆகவே இரண்டாவது கோரிக்கை: தூக்கப் பரிசோதனையும் மருத்துவரின் எழுத்தும் இல்லாமல் இந்தக் கருவியைச் செய்யக் கூடாது, கருவியோடு மறு பரிசோதனை செய்யாமல் வைத்தியம் முடிந்ததாக எழுதக் கூடாது. நாங்களாகக் கண்டுபிடித்த விதி அல்ல இது. அமெரிக்காவின் தூக்க மருத்துவர்களும் தூக்கப் பல் மருத்துவர்களும் 2015-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளதுதான்: வாய்க்கு அளவெடுத்துச் செய்த, திருகி நகர்த்தக்கூடிய கருவி, பயிற்சி பெற்ற பல் மருத்துவர், பின்தொடர்ந்து பரிசோதனை. கிளிப் எல்லோருக்கும் வேலை செய்யாது. மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் இல்லாமல் போகலாம். அந்த மூன்றில் ஒருவர் டேங்கர் ஓட்டுகிறவராக இருந்து, ‘எனக்குத்தான் கிளிப் இருக்கிறதே’ என்று தைரியமாக ஓட்டினால்? ரெடிமேட் கிளிப் விற்கும் ஆன்லைன் கடைகள், ‘இது ஸ்லீப் ஆப்னியாவுக்கு வைத்தியம் அல்ல, பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்று தமிழில் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

மூன்றாவது, எங்கே செய்வது? சென்னையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இருக்கிறது. நாமக்கல்லில் இருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். அளவெடுக்க ஒரு தடவை, மாட்ட ஒரு தடவை, திருக நாலு தடவை போய் வந்தால் பேட்டாவும் போச்சு, டிரிப்பும் போச்சு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உள்ள பல் பிரிவிலேயே அளவெடுத்து, அச்சை மட்டும் பெரிய லேபுக்கு அனுப்பலாம். புதிதாக வித்தை கற்க வேண்டியதும் அதிகம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் கீழ்த்தாடை உள்வாங்கிய பிள்ளைகளுக்கு ட்வின் பிளாக் என்ற கிளிப்பை நம் பல் மருத்துவர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள். தாடையை முன்னே நிறுத்துவதுதான் அதுவும். செயற்கைப் பல்செட் செய்யும் டெக்னீஷியனுக்கு அக்ரிலிக்கும் கம்பியும் தண்ணீர் பட்ட பாடு. குறைவது தூக்கத்தைப் பற்றிய படிப்புதான். தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. பாடத்திட்டத்தில் தூக்க மூச்சடைப்புக்கு ஒதுக்கும் மணி நேரத்தையும், நோயாளியை நேரில் பார்க்கும் பயிற்சியையும் கூட்டும்படி தமிழ்நாடு அரசு அழுத்தம் தர வேண்டும்.

பல் டாக்டரின் விளக்கு வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரியும். வாயை அகலத் திறந்து தொண்டையைப் பார்ப்பவர் அவர்தான். பெரிய நாக்கு, உள்வாங்கிய தாடை, ராத்திரி நறநறவென்று கடித்துத் தேய்ந்த பல், குறுகிய தொண்டை எல்லாம் அவர் கண்ணில் முதலில் படும். பல் பிடுங்க வந்தவரிடம் ‘குறட்டை விடுவீங்களா?’ என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. கேட்கச் சொல்லி உத்தரவு போடுங்கள்.

நான்காவது, வீடு தேடி வரும் சோதனை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சகோதரிகள் வீட்டு வாசலிலேயே பிபி பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்கள் பையில் ஒரு டெய்லர் டேப் போடுங்கள். கழுத்துச் சுற்றளவு, குறட்டை, பகல் தூக்கம், தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பார்த்த ஆள் உண்டா, பிபி, எடை, வயது, ஆணா பெண்ணா: உலகம் முழுக்கப் பயன்படும் ஸ்டாப்-பேங் வினாப்பட்டியலில் மொத்தமே எட்டு விஷயம்தான், அதில் பாதி அவர்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. விபத்து நடந்த பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தரும் இன்னுயிர் காப்போம் திட்டத்தை நாங்கள் கும்பிடுகிறோம். அதில் பிழைத்தவர்கள் எங்கள் வீடுகளிலும் உண்டு. ஆனால் 48 மணி நேரத்துக்கு முந்தைய ராத்திரியையும் கொஞ்சம் பாருங்கள்.

ஐந்தாவது கோரிக்கை எங்களுக்குள்ளேயே சண்டையைக் கிளப்பியது. கனரக வண்டி உரிமத்துக்கு மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 1-ஏ கண்ணைக் கேட்கிறது, காதைக் கேட்கிறது, மாலைக்கண் உண்டா என்று கேட்கிறது. தூக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. சேர்க்கச் சொல்லலாம் என்று பாதிப் பேர். சேர்த்தால் லைசென்ஸ் போய்விடும், குழந்தைகள் ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது என்று மீதிப் பேர். பயம் நியாயமானது. பயந்தவன் குறட்டையை மறைப்பான். மறைத்தபின் படிவத்தில் எத்தனை வரி இருந்தாலும் வீண். பிரிட்டனில் நடுத்தர, கடுமையான மூச்சடைப்போடு பகல் தூக்கமும் உள்ளவர் ஓட்டுவதை நிறுத்தி உரிம அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வைத்தியத்தில் நோய் கட்டுக்குள் வந்தால் மறுபடி ஓட்டலாம். அந்த இரண்டாம் பாதியை முதலில் எழுதி, பிறகு முதல் பாதியை எழுதுங்கள். படிவம் மத்திய அரசின் விதிக்கு உட்பட்டது. மாநிலப் போக்குவரத்துத் துறை பரிந்துரைத்தால் போதும். பரிசோதனைக்கும் கிளிப் பழகும் வாரங்களுக்கும் ஓட்டுநரைப் பகல் லைனிலோ லோடிங்கிலோ வைத்துச் சம்பளம் தர வேண்டும் என்பது லாரி முதலாளிகளுக்கு நாங்கள் வைக்கும் கோரிக்கை. டயருக்குக் காற்று பார்க்கிற அக்கறை டிரைவருக்கும் வேண்டும், முதலாளி.

ஆறாவது, பெண்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா பேச எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். பிறகு தனியாக வந்து, “எனக்கும்தான் குறட்டை. நான் எங்க போய்ச் சொல்ல?” என்றார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது. பெண் குறட்டை விட்டால் சிரிப்பு, ஆண் விட்டால் உழைப்பு என்கிற கணக்கால் பரிசோதனைக்கு வருகிற பெண்கள் குறைவு. வீட்டுக்கு வரும் சகோதரி அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். குழந்தைகளின் குறட்டை வேறு. அவர்களை டான்சில், அடினாய்டு பார்க்க முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள், கிளிப்பைத் தேடாதீர்கள்.

கடைசியாக, எங்களுக்கு நாங்களே வைத்துக்கொள்ளும் கோரிக்கை. இது எழுதக் கூச்சமாகத்தான் இருந்தது. கிளிப் நிற்க உறுதியான பல் வேண்டும். தூக்கம் விரட்ட ஹான்ஸும் பான்பராக்கும் கன்னத்தில் அடக்கி அடக்கி எங்களில் பலருக்கு வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறப்பதில்லை. அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாதபோது பல் மருத்துவர் என்ன செய்வார்? பல் முழுக்கப் போனவர்களுக்கு நாக்கை உறிஞ்சிப் பிடித்து முன்னே நிறுத்தும் குமிழ் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. அது எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. ஆகவே பாக்கை விடுகிறோம். படுக்கும்முன் போடும் குவார்ட்டர் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகிறது. அதையும் விடுகிறோம் என்று எழுதச் சொன்னார்கள். குறைக்கிறோம் என்று திருத்தியிருக்கிறேன், பொய் சொல்லி மனு கொடுக்க வேண்டாம் என்று.

எனக்கு இப்போது சரியாகச் செய்த கிளிப் இருக்கிறது. ரிப்போர்ட்டைப் படித்து, ஈறைப் பார்த்து, இரண்டு சொத்தைப் பல்லை அடைத்து, அதன் பிறகுதான் அளவே எடுத்தார் அந்த மருத்துவர். மறு பரிசோதனையும் ஆயிற்று. கடைவாய்ப் பல் பழையபடி முழுசாகச் சேரவில்லை. முறுக்கை ஒரு ஓரமாகத் தள்ளிக் கடிக்கிறேன்.

கையெழுத்துப் படிவத்தில் இரண்டு பத்தி போட்டிருக்கிறோம். இடது பக்கம் குறட்டை விடுகிறவர், வலது பக்கம் அதைக் கேட்கிறவர். வலது பக்கம்தான் வேகமாக நிரம்பி வருகிறது. கிளீனர் பையன் முதல் ஆளாக அங்கே போட்டுவிட்டான். இடது பக்கத்தில் அவன் அண்ணன் இன்னும் போடவில்லை, விசாகப்பட்டினம் லைனில் இருக்கிறார்.